பெரிய வண்டியின் ஷாக் அப்சார்பரை வீட்டில் மாற்றுவது: ஜாக்கி வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஏறத்தாழ 6 டன் எடையுள்ள, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்தது) பொருத்திய பழைய வேன் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் அது இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட முடியுமா, அதற்கு எத்தனை டன் ஜாக்கி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, முடியும் என்பது என் பதில். இரண்டாவதற்கு, நீங்கள் சொல்லும் வகை வண்டிக்கு அநேகமாக ஜாக்கியே தேவைப்படாது என்பது என் பதில். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய முழுவதும் வண்டியைத் தூக்குவதிலிருந்தே வருகிறது. ஆகவே தூக்காமல் முடிக்க வழி இருக்கும்போது தூக்கக் கூடாது.

காரில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமர்ந்திருப்பதால், அதைக் கழற்றினால் வண்டி அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவியும் வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் எடையைச் சுமப்பது பட்டைகள் மட்டுமே. ஷாக் அவற்றுக்குப் பக்கத்தில், ஒரு முனை சேஸிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்) மறு முனை ஆக்சிலிலுமாக (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), எந்தச் சுமையும் இல்லாமல் நிற்கிறது. வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதே அதைக் கழற்றி எடுத்தாலும் வண்டி ஒரு விரற்கடை கூட இறங்காது. தரையிலிருந்து சேஸிஸ் வரை ஆள் படுத்துப் புகும் இடைவெளி இவ்வகை வண்டிகளில் இயல்பாகவே இருக்கும். இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை நீட்டி வேலை பார்க்கலாம்.

ஷாக் செய்கிற வேலை ஒன்றே: ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சிறு துளைகளும் வால்வுகளும் வழியாகப் பிழிந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. புதிது வாங்குவதற்கு முன் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று கண்டுபிடிக்கும் மிக எளிய சோதனையும் இதிலிருந்தே கிடைக்கிறது. மேடுபள்ளமான சாலையில் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தியவுடன் நான்கு ஷாக்குகளின் உடலையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உழைத்தது சூடாக இருக்கும். பக்கத்துச் சேஸிஸ் இரும்பைப் போலவே குளிர்ந்திருப்பது உழைக்கவில்லை என்று பொருள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் ஒரே ஆக்சிலின் இடம் வலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவு. சைலன்சர் குழாய்க்கு அருகே இருக்கும் ஷாக் சும்மாவே சூடேறியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். காரை மூலையில் அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை இங்கே எடுபடாது. 6 டன் வண்டியை அமுக்க உங்கள் உடல் எடை போதாது.

கண்ணால் பார்க்கத் தக்கவையும் உண்டு. உருளையின் மேல்பகுதியில் மெல்லிய ஈரப்படலம் இருப்பது பழுதல்ல. தண்டு உள்ளே போய் வரும்போது சீலின் மேல் சிறிது எண்ணெய் படிவது இயல்பு. எண்ணெய் வழிந்து கீழ்க் கண் (போல்ட் நுழையும் வளையம்) வரை ஓடித் தூசியோடு அப்பியிருந்தால் அது போய்விட்டது. டயரின் சுற்றளவில் விட்டுவிட்டுக் குழிக்குழியாகத் தேய்மானம் இருந்தால் சக்கரம் தரையில் துள்ளியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கண்ணில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து போனாலும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும், ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் பின் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட அதே தடதடப்பு வரும். ஷாக்கை மாற்றியும் சத்தம் தீரவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலரும் இவற்றைப் பார்க்காமல் விட்டவர்கள்தான்.

வாங்கும்போது ஒரு ஆக்சிலுக்கு இரண்டு என்று ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் ஓய்ந்துபோனதுமாக இருந்தால், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும். உங்கள் வண்டியின் மாடலுக்குரிய பாக எண் கிடைத்தால் கவலை இல்லை. வேனின் உடலமைப்பை மாற்றியிருந்தாலோ, பட்டை கூட்டியிருந்தாலோ, எண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. வண்டி வழக்கமான சுமையோடு சமதளத்தில் நிற்கும்போது மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை அளவெடுங்கள். புதிய ஷாக்கின் முழுச் சுருக்க நீளத்துக்கும் முழு விரிவு நீளத்துக்கும் ஏறக்குறைய நடுவில் அந்த அளவு வர வேண்டும். அடுத்து, ஆக்சிலுக்கும் அதன் மேலுள்ள ரப்பர் ஸ்டாப்பருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆக்சில் மேலேறி அந்த ரப்பரில் முட்டி, ரப்பரும் நசுங்கிய பிறகும் ஷாக்கில் இன்னும் சுருங்க இடம் மிச்சமிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பெரிய பள்ளம் ஒவ்வொன்றிலும் ஸ்டாப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக்கே வாங்கும். சில மாதங்களில் உள்ளிருக்கும் வால்வு உடையும், இல்லையேல் சேஸிஸில் உள்ள பிராக்கெட் கிழியும். கண்ணின் அகலம், புஷ்ஷின் உள்விட்டம், போல்ட்டின் தடிமன் ஆகியவற்றையும் கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையில் நிற்க வைத்தே செய்யலாம் என்று நான் சொன்னது பட்டை ஸ்பிரிங்குக்குத்தான். சுருள் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ உள்ள ஆக்சிலில், சக்கரம் தொங்கும்போது அது எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு எல்லையாகவும் பல நேரம் ஷாக்கே இருக்கிறது. ஆக்சிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு ஷாக்குகளையும் கழற்றினால் ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவலாம், காற்றுப் பை கிழியலாம், பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுபடலாம். காற்றுப் பை வண்டியில் இதைவிடப் பெரிய அபாயம், பையிலிருந்து காற்று வெளியேறிவிட்டால் சேஸிஸ் சட்டென்று ஆக்சிலை நோக்கி இறங்குவது. அந்த இடைவெளிக்குள் தலையோ கையோ இருந்தால் தப்ப நேரம் கிடைக்காது. அத்தகைய வண்டிக்கு, சேஸிஸின் கீழ் எடை தாங்கும் ஸ்டாண்டுகள் வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிடுவதே சரி.

வேலைக்கு இடம் சமதளமான காங்கிரீட் தரையாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஏதோ காரணத்தால் தூக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டு தூக்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் தரையில் மிஞ்சுவது பிரேக்கே இல்லாத முன் சக்கரங்கள். சில பெரிய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அங்கே ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலும் போதும்: ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் பல்சக்கர அமைப்பு) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் எதிர்த் திசையிலும் சுழல, வண்டி தானாக நகர்ந்து ஜாக்கியிலிருந்து சரியும். கியரில் விட்டிருப்பதும் அப்போது உதவாது, ஏனென்றால் கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. கட்டை மட்டுமே காக்கும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல என்பதால், ஆக்சிலின் கீழ் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா. முன்னறிவிப்பில்லாமல் நொறுங்குபவை அவை.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். ஒரு ஷாக்குக்கு இரண்டு போல்ட். கழற்ற வேண்டியது அவ்வளவுதான். துருப்பிடிக்காத வண்டியில் ஒன்றுக்கு அரை மணி நேரம் போதும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் ஒரே நட் அரை நாளை விழுங்கும். ஆகவே வேலை முந்தின நாள் மாலையே தொடங்க வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, பளபளப்பு தெரியும் வரை துருவை எடுங்கள். இதைப் பலர் தவிர்க்கிறார்கள். நட் தான் இருக்கும் இடத்திலிருந்து அசைந்துவிட்டாலும், வெளியே வர அந்த அழுக்கு மரையின் மேல்தான் ஏறி வர வேண்டும். பாதி வழியில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். பிறகு துருநீக்கி எண்ணெயைத் தாராளமாக விட்டு இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் மறுபடி ஒரு முறை விடுங்கள்.

கழற்றும்போது ரிங் ஸ்பேனரோ அறுமுனை சாக்கெட்டோ பயன்படுத்துங்கள். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும், தேய்ந்த நட் துருப்பிடித்த நட்டைவிட மோசம். அரை அங்குல ராட்செட்டை நம்பாமல், முக்கால் அங்குலச் சதுர முனை கொண்ட நீளமான கைப்பிடி ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றே தள்ளிப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு துரு உடையும். அதன் பின் தளர்த்தும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று என்று முன்னும் பின்னுமாகக் கொண்டு வந்தால் மரை கெடாது. கீழ்ப் பின் தனி போல்ட்டாக இல்லாமல் பிராக்கெட்டோடு சேர்ந்த ஸ்டட்டாக இருந்தால் மட்டும், நீளக் குழாய் மாட்டி முரட்டுத்தனம் காட்டாதீர்கள். அது முறிந்தால் அப்புறம் பிராக்கெட்டையே மாற்றும் வேலை வந்து சேரும்.

எதற்கும் அசையாத நட்டை அறுத்துவிடலாம். கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தில் போல்ட்டுக்கு இணையாக, மரையைத் தொடாத ஆழத்துக்குக் கீறி, அந்தக் கீறலில் உளியை வைத்து ஓர் அடி அடித்தால் நட் பிளந்துவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பொறி பறக்கும் திசையில் டீசல் குழாயோ பிரேக் ஹோஸோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் உடலைக் கிரைண்டர் தொடக் கூடாது, கேஸ் விளக்கின் சுவாலையும் அதன் அருகே போகக் கூடாது. உள்ளே எண்ணெய் இருக்கிறது. பல ஷாக்குகளில் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் இருக்கிறது. சூடேறிய மூடிய உருளை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

நட் வந்த பிறகும் போல்ட் வராமல் அடம்பிடிப்பது இன்னொரு தலைவலி. புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழல் போல்ட்டோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டின் தலையைத் திருப்பினால் ரப்பர் கீச்சிடும், ஆனால் போல்ட் நகராது. போல்ட்டின் நுனியை நேராகச் சுத்தியலால் அடிக்காமல், நட்டைத் திரும்ப நுனி வரை மாட்டி, ஒரு மரக்கட்டையையோ பித்தளைத் துண்டையோ இடையில் வைத்து அடியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ரம்பத்தை விட்டு இரு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். பழைய ஷாக் எப்படியும் குப்பைக்குப் போகிறது, அதன் மேல் இரக்கம் வேண்டாம். புதிய போல்ட்டின் தலையில் பழையதில் இருந்த அதே தர எண், 8.8 என்றால் 8.8, 10.9 என்றால் 10.9, இருக்க வேண்டும். கடைசி மரை விலகும் கணத்தில் கேஸ் நிரப்பிய ஷாக் தானாக விரிந்து நுனி துள்ளும். முகத்தை அதன் நேர்க்கோட்டில் வைத்திருக்காதீர்கள்.

புதிய ஷாக் இரட்டைக் குழாய் வகை (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ளது) என்றால், மாட்டும் முன் அதன் உள்ளே கலந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். கிடங்கில் படுக்க வைத்திருந்தபோது காற்றுக் குமிழ் பிஸ்டன் உள்ள உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து முழுக்க விரித்து, தலைகீழாக்கி முழுக்க அமுக்கி, மறுபடி நிமிர்த்தி விரித்து என்று நான்கைந்து முறை செய்தால் குமிழ் வெளிக் குழாய்க்குப் போய்விடும். முதல் இரண்டு தடவை நடுவே ஓர் இடத்தில் தடையே இல்லாமல் வெறுமையாக வழுக்கும். அந்த வெறுமை மறைந்து முழு நீளமும் ஒரே சீராகத் தடை தந்தால் போதும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, புது ஷாக் முதல் நாளே லொடலொடக்கிறது என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு. இவ்வகையைத் தண்டு மேலே, எண்ணெய் உருளை கீழே என்றுதான் மாட்ட வேண்டும். ஒற்றைக் குழாய் வகைக்கு இந்தச் சடங்கும் தேவையில்லை, திசைக் கட்டுப்பாடும் பொதுவாக இல்லை; ஆயினும் உடலில் அம்புக்குறி இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

கேஸ் ஷாக் பெட்டியிலிருந்து வரும்போது ஒரு பட்டை அதைச் சுருக்கிக் கட்டியிருக்கும். நான் முதல் முறை இந்த வேலையைச் செய்தபோது, சுத்தமாகத் தொடங்கலாம் என்று தரையிலேயே அந்தப் பட்டையை வெட்டினேன். ஷாக் மெதுவாக, நிதானமாக, முழு நீளத்துக்கும் விரிந்தது. அதை மறுபடி அமுக்கி இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவில் நுழைக்க நானும் என் தம்பியும் ஒரு மணி நேரம் போராடினோம். பட்டையோடே மேல் கண்ணை மாட்டி, நட்டைக் கையால் ஏற்றி, கீழ்க் கண் பிராக்கெட்டுக்கு நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு அப்புறம் வெட்டினால், அது தானே இறங்கி வந்து இடத்தில் உட்காரும். சில மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் நெம்புகோலால் சரிசெய்யலாம். முன்னமே வெட்டித் தொலைத்தவர்களுக்குச் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்று அதே வேலையைச் செய்து தரும்.

ரப்பரில் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். கண் பிராக்கெட்டில் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். போல்ட்டின் வழவழப்பான பகுதியில் மட்டும் துருத் தடுப்புப் பசை மெல்லப் பூசிக்கொண்டால், அடுத்த முறை மாற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். நைலான் வளையம் உள்ள நட்டைப் பழையதையே திரும்பப் போடக் கூடாது.

இறுக்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. புஷ்ஷின் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டியிருக்கிறது. நட்டை இறுக்கியதும் குழல் பிராக்கெட்டில் பிடித்துக்கொள்ள, அதன் பின் கண் திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பர் முறுகித் தளர்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். ஆகவே கடைசி இறுக்கம் வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கொடுக்கப்பட வேண்டும். நீங்கள் வண்டியைத் தூக்கவே இல்லை என்றால் இந்த நிபந்தனை சொல்லாமலே நிறைவேறிவிடுகிறது. தூக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு முறுக்கு என்பதற்கு உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் கையேடு சொல்லும் எண்ணே இறுதி. கைக்கு ஒரு கணக்கு வேண்டுமானால், 24 மில்லிமீட்டர் ஸ்பேனர் கொள்ளும் எம்16 போல்ட், 8.8 தரத்தில், ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் தாங்கும். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. கையளவு ஸ்பேனரால் படுத்துக்கொண்டு இறுக்கும் ஒருவர் அதில் பாதியைக்கூட எட்டுவது சிரமம், எனவே முறுக்கை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். மேல் முனை கண்ணாக இல்லாமல், ரப்பர் வாஷர்களின் நடுவே நிற்கும் மரைத் தண்டாக இருந்தால் கணக்கு வேறு: ரப்பர் பிதுங்கி இரும்பு வாஷரின் விளிம்பளவு வந்ததும் நிறுத்த வேண்டும். நட்டோடு தண்டும் சேர்ந்து சுழன்றால் தண்டின் நுனியில் உள்ள தட்டைப் பகுதியைச் சிறு ஸ்பேனரால் பிடியுங்கள். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடித்துக் கீறல் விழுந்தால் அது சீலை அறுத்துவிடும்.

அடியிலிருந்து வெளியே வரும் முன், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் பழைய இடத்து கிளிப்பிலேயே இருக்கின்றனவா, ஷாக்கின் உடலில் எதுவும் உரசவில்லையா என்று பாருங்கள். முன்பக்கமென்றால் ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி டயர் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஷாக்குகளை எண்ணெயும் கேஸும் உள்ளே இருப்பதைச் சொல்லியே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். பிறகு அதே மேடுபள்ளச் சாலையில் 15, 20 கிலோமீட்டர் ஓட்டி வந்து, முன்பு தொட்டுப் பார்த்தது போல் நான்கையும் தொட்டுப் பாருங்கள். ஒரே ஆக்சிலின் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எட்டு நட்டுகளிலும் டார்க் ரெஞ்சை ஒரு முறை வைத்துச் சரிபாருங்கள். புது ரப்பரும் பெயிண்டும் படிந்து உட்காரும்போது ஒன்றிரண்டு நட் கால் சுற்று கேட்கும்.